எண்ட்கேமில் பழசை மாற்ற முடியாது, எக்ஸ்-மெனில் முடிகிறது. காலப்பயணத்துக்கு ஒரே விதி கிடையாதா?

இடைவேளை:

ஸ்பாய்லர் எச்சரிக்கை போடவில்லை, பேசப்போவது எல்லாமே வந்து நாளான படங்கள்தான்.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) படத்தில், வில்லன் தானோஸ் ஆறு கற்களை வைத்துப் பாதி உயிர்களை அழித்துவிட, அந்தக் கற்களைப் பழைய காலத்திலிருந்து எடுத்துவர அவெஞ்சர்ஸ் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருவரான ரோடி ஒரு நியாயமான கேள்வி கேட்பார். பின்னால் போக முடியும் என்றால் தானோஸ் கைக்குழந்தையாக இருக்கும்போதே கழுத்தை நெரித்துக் கதையை முடித்துவிடலாமே? பேனர் (ஹல்க்) நடக்காது என்கிறார். நீ கடந்த காலத்துக்குப் போனால் இனி அதுதான் உன் எதிர்காலம், நீ கிளம்பி வந்த நிகழ்காலம் உன் கடந்த காலம் ஆகிவிட்டது, அதை இந்தப் புது எதிர்காலத்தால் தொட முடியாது. சரி, தலை சுற்றினாலும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' (2014) படத்தில் லோகன் (வுல்வரின்) 1973-க்குப் போய் ஒரு கொலையைத் தடுத்ததும் 2023-இன் மொத்த நாசமும் நடக்காமலே போய்விடுகிறது. 1978-இல் வந்த 'சூப்பர்மேன்' இன்னும் சுலபம், பூமியைச் சுற்றி வேகமாகப் பறந்தாலே போதும், செத்துப்போன லோயிஸ் லேன் எழுந்துவிடுகிறாள். 'தி ஃப்ளாஷ்' (2023) படத்தில் ஃப்ளாஷான பேரி அம்மாவின் கொலையைத் தடுக்க ஒரு தக்காளி டப்பாவை இடம் மாற்றுகிறான், அதனால் அவன் பிறப்பதற்கு முன்பே பிறந்த பேட்மேன் வேறு ஆளாகிவிடுகிறார்! இது எந்த ஊர் லாஜிக்?

இதில் எது சரி, எது சும்மா அள்ளிவிடுவது? அப்புறம் எண்ட்கேமிலேயே பேனர் ஒன்று சொல்கிறார், மொட்டை அடித்த அந்த மந்திரவாதி ஏன்ஷியன்ட் ஒன் அம்மா வேறு ஒன்று சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானா? கற்களைத் திருப்பி வைக்கப் போன ஸ்டீவ் (கேப்டன் அமெரிக்கா) கடைசியில் கிழவராக எங்கிருந்து வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்பதையும் யாராவது புரியும்படி சொல்லுங்கள்.


கரும்பலகை:

ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு படமும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்கிறது, அதில் தப்பும் இல்லை. எந்தப் படம் எந்த விதியில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன்: பின்னால் போனவன் கிளம்பும்போது விட்டுவிட்டு வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

லோகன் 1973-இல் வேலையை முடித்ததும், 2023-இல் சென்டினல் என்கிற கொலைகார ரோபோக்கள் சூழ்ந்துகொண்ட அந்தக் கோயிலும் அதற்குள் செத்துக்கொண்டிருந்தவர்களும் காணாமல் போகிறார்கள். அப்படி ஒரு நாளே இருந்ததில்லை என்று ஆகிவிடுகிறது. பழைய கேசட்டின் மேல் புதுப்பாட்டைப் பதிவு செய்கிற மாதிரி, முன்னால் இருந்தது எங்கேயும் மிச்சம் இல்லை. சூப்பர்மேனும் இதே வகை. 'டெட்பூல் 2' (2018) கடைசியில் காதலி வெனெஸாவைக் காப்பாற்றுவதும் இதே வகைதான், ஆனால் அந்தப் படம் நக்கலுக்கு எழுதியது, அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

எண்ட்கேமில் 2023-ஐ விட்டுக் கிளம்புகிறார்கள், சில விநாடி கழித்து அதே 2023-க்குத் திரும்புகிறார்கள், யாரும் அழியவில்லை. பின்னால் போய் என்ன கூத்து அடித்தாலும் அது அங்கே தனியாக ஒரு கிளையாகப் பிரிந்து போகும், கிளம்பிய இடத்தில் ஒரு கப் காபிகூட நகராது. படமே இதற்கு நேரடி சாட்சி வைத்திருக்கிறது. தானோஸின் வளர்ப்பு மகள் நெபுலா, 2023-இல் இருப்பவள், 2014-இலிருந்து வந்த தன்னையே சுட்டுக் கொல்கிறாள். மேலெழுதும் படமாக இருந்தால் சுட்ட கையோடு அவளும் மறைந்திருக்க வேண்டும். அவள் நிற்கிறாள், மூச்சு விடுகிறாள், அடுத்த சண்டைக்குப் போகிறாள்.

இது படக்காரர்கள் மட்டும் இஷ்டத்துக்கு இட்டுக்கட்டியதும் இல்லை. டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) முதலில் மறுத்துப் பேசும்போது 'டாய்ச் ப்ரொப்போசிஷன்' என்று ஒன்றை வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார். டேவிட் டாய்ச் நிஜ இயற்பியலாளர். ஹியூ எவரெட் 1957-இல் முன்வைத்த பல உலகக் கருத்தை எடுத்துக்கொண்டு, காலத்தில் பின்னால் போகிறவன் போய்ச் சேரும் இடம் அவன் கிளம்பிய அதே வரலாறாக இருக்க வேண்டியதில்லை என்று 1991-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். நீ போய்த் தாத்தாவைக் கொன்றால் செத்தது இன்னொரு கிளையின் தாத்தா, உன் தாத்தா உன் கிளையில் பத்திரமாக இருப்பார், முரண்பாடு அங்கேயே செத்துப்போகிறது. எண்ட்கேம் இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி குவாண்டம், பிளாங்க் என்று டோனி அடுக்குவதெல்லாம் காதுக்கு இனிமை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. யார் போய் என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்து முடிந்ததாகவே இருக்கும், எதுவும் மாறாது, பிரியவும் பிரியாது. அதற்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் மார்வெல் அதையும் விட்டுவைக்கவில்லை.


நெபுலா_கட்சி:

நெபுலாவை உதாரணம் காட்டியதற்கு நன்றி தலைவரே. மொத்தப் படத்திலும் பேனரின் விதியைத் தன் உடம்பை வைத்து நிரூபித்தது அவள் ஒருத்திதான், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்டீவின் பெஞ்சுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.


கரும்பலகை:

பேனர், ஏன்ஷியன்ட் ஒன் விஷயத்தை விட்டுவிட்டேன். இரண்டும் ஒன்று இல்லை. ஒன்று என்று நினைத்துப் பார்ப்பதால்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

2012 நியூயார்க், கூரை மேல் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்த அம்மா காற்றில் ஒளியால் ஒரு கோடு போடுகிறார், அதைச் சுற்றிக் கற்களை மிதக்கவிடுகிறார், ஒரு கல்லை எடுத்ததும் கோட்டிலிருந்து கருப்பாக ஒரு கிளை கீழே இறங்குகிறது. கற்கள்தான் காலத்தின் ஓட்டத்தையே உண்டாக்குகின்றன, ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் என் உலகம் தனியாகப் பிரிந்து, காப்பாற்ற ஆயுதம் இல்லாமல் அழியும் என்பது அவர் வாதம். அதற்குப் பேனர், எடுத்த நொடிக்கே கல்லைத் திருப்பி வைத்துவிட்டால் அது போகவே இல்லை என்றாகிவிடும் என்று சொல்லி அந்தக் கருப்புக் கிளையை அழித்துக் காட்டுகிறார்.

இதைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் 'கல்லைத் திருப்பி வைத்தால் கிளை இல்லை, ஸ்டீவ் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டார், எனவே கிளையே கிடையாது' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த அம்மா கவலைப்பட்டது கல் இல்லாத கிளையைப் பற்றி மட்டும்தான். கல் இருக்கிற கிளை பிரிவதை யாரும் தடுக்கவில்லை. 2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கற்களில் ஒன்றான பவர் ஸ்டோனை ஸ்டீவ் திருப்பி வைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த 2014-இலிருந்து தானோஸ் தன் படை, கப்பல், வளர்ப்பு மகள்கள் கமோரா, நெபுலா எல்லோரையும் அள்ளிக்கொண்டு 2023-க்கு வந்தான், டோனி சொடுக்கியதும் சாம்பலானான். கல்லை வைத்தால் அவன் திரும்பிப் போவானா? போக மாட்டான். ஆக அங்கே 2018-இல் பாதி உயிர்கள் மறைந்த அந்த ஸ்னாப் நடக்கவே நடக்காது. நமக்குத் தெரிந்த வரலாறு அது இல்லை. கல் பத்திரமாக இருக்கிறது, கிளையும் பத்திரமாக இருக்கிறது.

2012-இலும் அதே கதை. வில்லன் லோகி, இன்னொரு கல்லை வைத்திருக்கும் டெஸராக்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிட்டான். லிஃப்டுக்குள் ஸ்டீவ் எதிரி அமைப்பான ஹைட்ராவின் கோஷத்தை, 'ஹெயில் ஹைட்ரா' என்று, காதில் சொல்லி ஏமாற்றியிருக்கிறார், அந்தக் காலத்து ஸ்டீவிடம், செத்துவிட்டதாக நினைத்த நண்பன் பக்கி உயிரோடு இருக்கிறான் என்று வேறு உளறியிருக்கிறார். இதையெல்லாம் எந்தக் கல்லை வைத்து அழிப்பது?


பழைய_சுருள்:

விதி எது என்று தேடுவதைவிட, அந்த விதியை ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சுலபமாகப் புரிகிறது.

எண்ட்கேமில் டோனி இந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போது ஒரு நிபந்தனை போடுகிறார். போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரலாம், ஆனால் இந்த ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்தது போகக் கூடாது. கிடைத்தது மகள் மார்கன். பழசை மேலெழுதும் விதி அந்தப் படத்தில் இருந்திருந்தால் தானோஸைத் தடுத்த நிமிஷம் அந்தக் குழந்தை பிறக்காமலே போயிருக்கும், அவெஞ்சர்ஸ் எல்லோரும் சேர்ந்து ஒரு குழந்தையை அழித்தவர்களாக நின்றிருப்பார்கள். அதனால்தான் பேனர் வாயில் அந்த வசனம். அதனால்தான் மறைந்தவர்களைக்கூட 2018-க்கே போய் மீட்காமல் 2023-க்கு அழைத்துக்கொள்கிறார்கள். இயற்பியல் எல்லாம் பிறகு தேடிக்கொண்ட துணை.

எக்ஸ்-மென் படத்துக்கு நேர் எதிரான தேவை. 2006-இல் வந்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் ஸ்காட், ஜீன், சேவியர் எல்லோரையும் கொன்று தீர்த்திருந்தார்கள், அதைத் துடைத்துவிட வேண்டும். கிளை பிரியும் விதியை வைத்தால் இந்தப் பக்கம் செத்தவர்கள் செத்தவர்களாகவே இருப்பார்கள். துடைக்கத்தான் அழிக்கும் விதி. கடைசியில் லோகன் பள்ளிக்கூடத்தில் கண் விழித்து ஜீனைப் பார்க்கிற அந்த ஒரு காட்சிக்காகத்தான் படமே.

ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. 1973-இல் மிஸ்டிக், சென்டினல்களை உருவாக்கிய டிராஸ்க்கைச் சுடுவாளா மாட்டாளா என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே 2023-இல் சென்டினல்கள் கதவை உடைத்துக்கொண்டு வருவதை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். யோசித்தால் அபத்தம்! ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடப்பதும் இப்போது நடப்பதும் எப்படி ஒரே நேரத்தில் பந்தயம் ஓடும்? அதற்காகவே லோகனை அனுப்பிவைக்கும் கிட்டி பிரைட் வாயில் ஒரு விதியைப் போட்டுவைத்தார்கள். லோகனின் உடம்பு போகவில்லை, மனசு மட்டும்தான் போகிறது, அவர் இங்கே விழிக்கும்வரை அங்கே செய்த எதுவும் வரலாறாக ஆகாது. அந்த ஒரே வரியில் படத்துக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது. கில்லாடிகள்.

இதில் யாரும் பேசாத பயங்கரம் ஒன்று உண்டு. மாறிய வரலாற்றிலும் 1973-லிருந்து 2023 வரை ஒரு லோகன் வாழ்ந்திருக்கிறார் இல்லையா? பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறார், நண்பர்கள் இருந்திருக்கிறார்கள், ஐம்பது வருஷ நினைவு இருந்திருக்கும். ஒரு நாள் காலையில் அவர் உடம்பில் வேறொரு வரலாற்றின் லோகன் விழித்துக்கொள்கிறார். முந்தையவர் எங்கே போனார்? சேவியர் மட்டும் விஷயம் தெரிந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார். சந்தோஷமான முடிவு என்று அத்தனை பேரும் கை தட்டினோம்.

சூப்பர்மேனைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் விதியே இல்லை என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள், பூமி திருப்பிச் சுற்றினால் காலம் திரும்புமா என்று. அவர் ஒளியைவிட வேகமாகப் பறந்ததால் காலத்தில் பின்னால் போகிறார், பூமி பின்னால் சுற்றுவது அதன் அடையாளம் என்று பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது முக்கியமே இல்லை. மனித வரலாற்றில் கை வைக்காதே என்பது அப்பா ஜோர்-எல் போட்ட தடை. லோயிஸின் உடலைக் காரிலிருந்து எடுத்து வைத்துவிட்டு மகன் அதை மீறுகிறான். ரிச்சர்ட் டோனர் எடுத்தது கீழ்ப்படியாத பிள்ளையின் கதை. கிளை, டைம்லைன் கணக்கெல்லாம் அங்கே எதற்கு?


இடைவேளை:

டோனியின் நிபந்தனையை இதுவரை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை, அருமை.

ஆனால் கரும்பலகை சொல்வதை வைத்துப் பார்த்தால் ஸ்டீவ் கதை இன்னும் சிக்கலாகிறதே. அவர் போய் பழைய காதலி பெக்கியோடு வாழ்ந்தது தனிக் கிளை என்றால், திரும்பி வரும்போது ஹல்க் பட்டன் தட்டிய அந்த மேடையில்தானே வந்து இறங்க வேண்டும்? ஏரிக்கரைப் பெஞ்சுக்கு நடந்தா வந்தார்?


ஓட்டை_தேடி:

இந்தக் கேள்விக்குப் படம் எடுத்தவர்களிடமே ஒரே பதில் இல்லை என்பதுதான் வேடிக்கை. இயக்குநர்கள் ரூஸோ சகோதரர்கள், ஸ்டீவ் தனிக் கிளையில் வாழ்ந்துவிட்டு இங்கே வந்தார் என்றார்கள். எழுதியவர்கள் கிறிஸ்டோபர் மார்கஸும் ஸ்டீஃபன் மெக்ஃபீலியும், இல்லை, அவர் நம் வரலாற்றிலேயே ஆரம்பத்திலிருந்து ஒதுங்கி வாழ்ந்தார், பெக்கியின் கணவர் எப்போதுமே அவர்தான் என்றார்கள். படம் வந்த 2019-இலேயே இரு தரப்பும் பேட்டிகளில் முட்டிக்கொண்டது.

எழுத்தாளர் கட்சிக்கு இருக்கும் ஒரே பலம் நீங்கள் கேட்ட பெஞ்சுதான். அவர் மேடையில் வந்து இறங்கவில்லை, குறித்த நேரத்தைத் தாண்டிப் போய்விட்டார் என்று பேனரே பதறுகிறார், திரும்பிப் பார்த்தால் கிழவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். காலத்தைத் தாண்டி வராமல் நேராக வாழ்ந்தே வந்தவர் மாதிரிதான் காட்சி இருக்கிறது.

ஆனால் அது உண்மையானால் பேனரின் விதி பொய். கடந்த காலத்துக்குப் போனால் கிளை பிரிந்தே தீரும் என்றால் ஸ்டீவுக்கு மட்டும் ஏன் பிரியவில்லை? அப்புறம் 'தி வின்டர் சோல்ஜர்' (2014) படத்தில் பெக்கியின் பழைய பேட்டி ஒன்று ஓடும். போரில் ஸ்டீவ் காப்பாற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்தான் பிறகு தன் கணவர் ஆனார் என்று சொல்வார். ஸ்டீவ் தன்னையே காப்பாற்றிக்கொண்டார் என்று வேண்டுமானால் இழுத்துப் பிடிக்கலாம். எனக்கு வாய் வலிக்கிறது.

கேடயம் இன்னொரு துப்பு. 2023 சண்டையில் தானோஸ் அதை உடைத்துவிட்டான். கிழவர் சாம் வில்சனிடம் கொடுப்பது முழுசான கேடயம். வேறொரு காலத்திலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை, நம் வரலாற்றின் கேடயம் துண்டாகிவிட்டதே. என் ஓட்டு கிளைக்கு. காலப்பயணத்துக்கு வேண்டிய பிம் துகள்கள் ஒரு தடவைக்கு மிச்சம் இருந்திருக்கும், கொஞ்சம் முன்கூட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காதலோடு ஒரு வாழ்க்கை வாழ்ந்த மனுஷன் மேடையில் வந்து விழ வேண்டும் என்று என்ன கட்டாயம்?


பழைய_சுருள்:

எழுத்தாளர் சொன்னதை எடுத்துக்கொண்டால் இன்னொரு சங்கடம் வருகிறது. ஹைட்ரா ஷீல்டு என்கிற உளவு அமைப்புக்குள் புகுந்தது, பக்கியைப் பல வருஷம் ஆயுதமாக வைத்திருந்தது எல்லாம் தெரிந்தும் ஸ்டீவ் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நடனம் ஆடினார் என்று ஆகும். அது ஸ்டீவ் இல்லை. எந்த விதிக்கும் முன்னால் ஆளின் குணம் என்று ஒன்று இருக்கிறது.


காமிக்ஸ்_பெட்டி:

ஃப்ளாஷைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன்.

தக்காளி டப்பா இடம் மாறியதால் பழைய பேட்மேன் எப்படி மாறினார் என்று கேட்டீர்கள். அதற்குப் படமே ஒரு சாப்பாட்டு மேஜைக் காட்சி வைத்திருக்கிறது. மைக்கேல் கீட்டனின் புரூஸ் வெய்ன் வேகாத ஸ்பகெட்டி ஒன்றை எடுத்து வைத்து, காலம் நேர்கோடு என்று நினைக்கிறாய், ஒரு புள்ளியில் மாற்றினால் அங்கிருந்து முன்னால் மட்டும் மாறும் என்று நினைக்கிறாய், அப்படி இல்லை, மாற்றம் இரண்டு பக்கமும் பரவும் என்கிறார். இன்னும் குளறுபடி செய்தால் வெந்த ஸ்பகெட்டிக் குவியல் கதிதான். கிளை விதியும் இல்லை, மேலெழுதும் விதியும் இல்லை, ஒரு புள்ளியைத் தொட்டால் முன்னும் பின்னும் எல்லாமே ஆட்டம் காணும் விதி. அசல் யோசனை. ஆனால் 1989 பேட்மேனைத் திரும்ப மேக்கப் போட்டுக் கூட்டி வருவதற்காகச் செய்த யோசனை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

அந்தப் படத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது கடைசி டப்பா. அம்மாவைக் காப்பாற்ற எடுத்த டப்பாவைப் பேரி அழுதுகொண்டே திருப்பி வைக்கிறான், அதாவது அம்மாவைச் சாகவிடுகிறான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, டப்பாக்களை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டுப் போகிறான். அம்மாவைக் கொன்றதாக மாட்டிக்கொண்ட அப்பா மேலே நிமிர்ந்து எடுப்பார், கேமராவில் முகம் பதியும், வழக்கில் விடுதலை. இவ்வளவு பட்டும் மறுபடி ஒரு சின்னத் திருட்டு! விலை உடனே வருகிறது, வாசலில் காரிலிருந்து ஜார்ஜ் க்ளூனி பேட்மேனாக இறங்குகிறார்.

மாற்று உலகங்கள் என்கிற சமாச்சாரமே ஃப்ளாஷ் வழியாகத்தான் டிசி காமிக்ஸில் வேர் விட்டது. 1961-இல் வந்த ஃப்ளாஷ் 123-ஆம் இதழ். 1940-களில் ஜே காரிக் என்று ஒரு ஃப்ளாஷ் இருந்தார், 50-களில் பேரி ஆலன் என்று புதியவரைக் கொண்டுவந்தார்கள். பழையவரை என்ன செய்வது? அவர் இன்னொரு பூமியில் இருக்கிறார், அங்கே தலைக்கு உலோகத் தொப்பி போட்டுக்கொண்டு ஓடியவர் அவர் என்று இருவரையும் சந்திக்க வைத்தார்கள். உலகங்கள் பெருகிப் பெருகி 1985-க்குள் கணக்கு வைக்க முடியாமல் போனதும் ஒரு மாபெரும் கதையில் எல்லாவற்றையும் நசுக்கி ஒன்றாக்கினார்கள். படங்கள் இப்போது அதே பாதையில் போகின்றன, வேகம்தான் அதிகம்.

இன்னொன்று, தயவுசெய்து மாற்று உலகத்தையும் காலக்கிளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) படத்தில் யாரும் பின்னால் போய் எதையும் மாற்றவில்லை, அந்த உலகங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. 'நோ வே ஹோம்' (2021) மட்டும் இரண்டையும் கலந்தது. வில்லன்கள் நார்மன் ஆஸ்போர்னும் டாக்டர் ஆக்டோபஸும் தங்கள் உலகங்களில் சாவதற்குச் சற்று முன்பு பிடுங்கி எடுக்கப்பட்டவர்கள், பீட்டர் (ஸ்பைடர்-மேன்) அவர்களைக் குணப்படுத்தித் திருப்பி அனுப்புகிறான். அனுப்பியது அவர்கள் சாகப்போன அதே நொடிக்கா, குணமானவர்கள் போனதும் அங்கே கிளை பிரிந்ததா என்று படம் ஒரு வார்த்தை சொல்லாமல் நைசாக நழுவிவிட்டது.


கரும்பலகை:

மூன்றாவது வகையைச் சொல்கிறேன் என்றேன். 'மிஸ் மார்வெல்' (2022) தொடரில் கமலா கான் வளையலின் சக்தியால் 1947 பிரிவினை நேரத்து ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறாள். தொலைந்துபோன சின்னக் குழந்தை ஒன்றை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அந்தக் குழந்தை அவள் பாட்டி. பாட்டி சின்ன வயதில் நட்சத்திரங்கள் வழி காட்டின என்று வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்த கதையின் நட்சத்திரமே கமலாதான். கிளை எதுவும் பிரியவில்லை, எதுவும் மாறவில்லை, அவள் போனது முன்பே நடந்துவிட்டது. எண்ட்கேம் நடந்த அதே உலகத்தில் பேனரின் விதிக்கு நேர் எதிராக ஒரு முழு லூப்! அவர் பேசியது குவாண்டம் வழியாகப் போகும் பயணத்துக்கு, வளையலுக்கு வேறு விதி என்று சமாளிக்கலாம். நானும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

லோகி தொடர் (2021) வந்து இதை இன்னும் கலக்கியது. அங்கே டிவிஏ என்று ஓர் அலுவலகம், பிரிகிற கிளைகளை வெட்டுவதே அவர்கள் வேலை. அவெஞ்சர்ஸ் காலத்தில் புகுந்து செய்த அட்டகாசம் நடக்க வேண்டியதுதான், லோகி தப்பியதுதான் தப்பு என்று நீதிபதி ரென்ஸ்லேயர் முகத்தில் சலனமே இல்லாமல் சொல்வாள். காலத்தையே உண்டாக்குவதாக ஏன்ஷியன்ட் ஒன் சொன்ன இன்ஃபினிட்டி ஸ்டோன்கள் அங்கே ஒரு குமாஸ்தாவின் இழுப்பறையில் கிடக்கின்றன, சிலர் காகிதம் பறக்காமல் இருக்க அவற்றை வைத்துக்கொள்கிறார்களாம். கூரை மேல் அந்த அம்மா போட்ட ஒளிக்கோட்டுக்கு இதைவிட மோசமான மரியாதை இருக்க முடியாது.

இரண்டாவது சீசன் (2023) முதல் எபிசோடில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, தவறவிடாதீர்கள். லோகி டிவிஏ-வின் கடந்த காலத்துக்கு வழுக்கிப் போய் அங்கே கருவிகளைப் பழுது பார்க்கும் ஓபியிடம் பேசுகிறான், பேசப் பேச இங்கே நிகழ்காலத்தில் டிவிஏ அதிகாரி மோபியஸோடு நிற்கும் ஓபிக்கு அந்தப் பேச்சு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அலுவலகத்துக்கு வெளியே கிளை, உள்ளே அதே வரலாறு. ஒரே தொடருக்குள் இரண்டு விதி, ஆனாலும் அந்தக் காட்சி எனக்குத் துளியும் உறுத்தவில்லை, ஏனென்றால் டிவிஏ காலத்துக்கு வெளியே இருப்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.


நெபுலா_கட்சி:

ஒரு விஷயம் மட்டும். எனக்கு இந்த மொத்தப் பட்டியலில் வாழ ஒரு இடம் கொடுத்தால் அந்த 2014 கிளைக்குத்தான் போவேன். தானோஸ் இல்லை, அவன் படை இல்லை, ஸ்னாப் இல்லை. யாருக்கும் தெரியாமலே தப்பித்துவிட்ட ஒரே உலகம்.


ஓட்டை_தேடி:

அவசரப்பட்டு மூட்டை கட்டாதீர்கள். அந்தக் கிளையிலிருந்து தானோஸ் மட்டும் போகவில்லை, கமோராவும் போய்விட்டாள்.

எண்ட்கேமிலேயே தானோஸ் மகள்களிடம் சொல்வான், பவர் ஸ்டோன் இருக்கும் இடத்தைக் கூட்டாளி ரோனன் கண்டுபிடித்துவிட்டான், உங்கள் இருவரையும் அவன் கப்பலுக்கு அனுப்பப்போகிறேன் என்று. அப்புறம் திட்டம் மாறி எல்லோரும் 2023-க்குப் போனார்கள். ரோனன் போனதாக எங்கேயும் இல்லை. அவன் அங்கேயே, ஸாண்டார் கிரகத்தை அழிக்கும் வெறியோடு இருக்கிறான். ஸ்டீவ் நல்ல பிள்ளையாகக் கல்லையும் அது இருந்த மொராக் கிரகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ரோடியிடம் அடி வாங்கி மயங்கிக் கிடந்த திருடன் பீட்டர் குயில் எழுந்து அதை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஸாண்டாருக்கு விற்கப் போவான். நம் வரலாற்றில் அங்கே கமோரா அவன் மேல் பாய்ந்ததால்தான் எல்லோரும் ஒன்றாகச் சிறைக்குப் போனார்கள், டிராக்ஸைச் சந்தித்தார்கள், கார்டியன்ஸ் என்று ஒரு கூட்டமே உருவானது. இங்கே பாய கமோரா இல்லை. ராக்கெட்டும் குரூட்டும் குயிலைச் சாக்கில் போட்டு, அவனைத் தேடும் யோண்டுவிடம் காசுக்கு விற்றுவிடுவார்கள், கல் யார் கையில் சிக்கும் என்பது அதிர்ஷ்டம்.

ரோனன் கையில் சிக்கினால், நம் வரலாற்றில் குயில் செய்த மாதிரி எதிரே நின்று நடனம் ஆடிக் கவனத்தைத் திருப்ப ஆள் கிடையாது. அப்படியே தப்பித்தாலும் குயிலின் அப்பா ஈகோ மகனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறான், பிரபஞ்சம் முழுக்கத் தன்னையே பரப்ப அவனுக்கு இந்தப் பையன் வேண்டும்.